நிறமும் தன்மதிப்பும்

உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் மணப்பேச்சு நடக்கும் வீடுகளில், "பெண் நிறம் சற்றுக் குறைவு" என்னும் சொல் இன்றும் ஒலிக்கிறது. உள்ளறையிலிருந்து அதைக் கேட்கும் பெண், தான் கற்ற கல்வியை மறந்து தன்னையே குறைவாக எண்ணத் தொடங்குகிறாள். இம்மதிப்பீடு தமிழர்க்கு என்றும் உரியது என்று கருதுவோர் பலர். வரலாறோ வேறு சொல்கிறது.

சங்கப் புலவர்கள் பெண்ணின் மேனியழகை மாந்தளிரின் நிறத்தோடு ஒப்பிட்டு 'மாமை' என்று போற்றினர். பிரிவுத் துயரால் மேனியிற் படரும் வெளிர்நிறத்தைப் 'பசலை' என்றனர். அவர்களுக்கு வெளிறுதல் நலத்தின் இழப்பே. அழகின் அளவுகோல் காலத்தோடு மாறுவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் உத்திரமேரூர்க் கோயிற் சுவரிலேயே மற்றொரு சான்று உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்குரிய தகுதிகளை வரையறுக்கின்றன. நிலம், சொந்த மனை, 35 முதல் 70 வரையிலான வயது, வேதக் கல்வி, நேர்மை ஆகியவை அங்கே கேட்கப்படுகின்றன. அந்தணர் ஊரின் சபையாதலால் அவ்வுரிமை எல்லார்க்கும் உரியதன்று. எனினும், தகுதியை எண்ணிய அவ்விடத்தில் நிறமோ முகவெட்டோ எண்ணப்படவில்லை என்பது நோக்கத்தக்கது.

அரபு இலக்கிய வரலாற்றிலும் இச்சிக்கலைக் காண்கிறோம். பஸராவில் பிறந்த பேரறிஞர் அல்ஜாஹிழ், பிதுங்கிய கண்களால் அப்பெயர் பெற்றவர். கலீஃபா முத்தவக்கில் தம் மக்களுக்கு ஆசிரியராக்க அவரை அழைத்து, முகத்தைக் கண்டதும் பத்தாயிரம் திர்ஹம் கொடுத்து அனுப்பிவிட்டார் என்பர். கருநிற மக்களின் சிறப்பை நிலைநாட்டத் தனி நூலே எழுதியவர் அல்ஜாஹிழ். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவருடைய உரைநடையை அரபு மாணவர்கள் இன்றும் பயில்கின்றனர்.

வெண்ணிற மோகம் நம் நாட்டில் நெடுநாளாகவே இருந்தது. அதை விலைப்பொருளாக்கியது அண்மைக் கால வணிகம். 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி விற்பனைக்கு வந்தது. 1998இல் சென்னை நிறுவனமொன்றின் ஃபேர்எவர் வந்தது. நிறம் மாறினால் வேலையும் வரனும் கிட்டும் என விளம்பரங்கள் கற்பித்தன. மாதர் அமைப்புகளின் எதிர்ப்பால் 2003இல் அவற்றுட் சில நிறுத்தப்பட்டன. 2009இல் 'கருமையும் அழகே' என்னும் கருத்தை முன்வைத்துச் சென்னையில் ஓர் இயக்கம் தொடங்கியது. கருநிறத்தாரைத் தாழ்வாகக் காட்டலாகாது என்று 2014இல் விளம்பரத் துறையினரே நெறிமுறை வகுத்தனர். 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கி, க்ளோ அண்ட் லவ்லி ஆயிற்று.

பெட்டியின் மேலிருந்த சொல் மாறிவிட்டது. நம் மணப்பேச்சில் உள்ள சொல் மாறவில்லை. அதை மாற்றச் சட்டமோ இயக்கமோ வேண்டியதில்லை. பெண்ணைப் பற்றிக் கேட்கும்போது, நிறத்தை விட்டு அவள் கற்றதையும் அவளது பண்பையும் நாம் முதலில் கேட்டாற் போதும். நம் பிள்ளைகள் தம்மை எவ்வாறு எடைபோடுவது என்பதை நம் பேச்சிலிருந்தே கற்கின்றனர்.