பள்ளி என்னும் ஊர்

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரம் மண்டலத்தின் தலைமையூருக்கு அரசு ஏட்டில் இன்னொரு பெயரும் உண்டு: அரிமுத்தனபல்லி. பக்கத்து மண்டலம் குடுபல்லி. எல்லை தாண்டிக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் வந்தால் வேப்பனப்பள்ளி. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் அதே ஊர் வேப்பனஹள்ளி. மூன்று மொழிகள் தோளுரசும் இந்த மூலையில் ஒரே சொல் தெலுங்கில் பல்லெ, கன்னடத்தில் ஹள்ளி, தமிழில் பள்ளி. முதல் இரண்டுக்கும் பொருள் சிற்றூர். தமிழ்ப் பிள்ளை 'பள்ளிக்குப் போறேன்' என்றால் மட்டும் அது படிக்கிற இடம்.

ஊர்ப்பெயரில் 'பள்ளி' வந்தாலே அங்கே சமணர் இருந்து பாடம் நடத்தினார்கள் என்று சொல்லிவிடுவது நம் பக்கத்து வழக்கம். அதற்கு ஆதாரமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. மதுரைக்கு அருகே மாங்குளம் குகையில், கி.மு. 2ஆம் நூற்றாண்டளவிலான தமிழி எழுத்தில், துறவிகளின் உறைவிடம் 'பளி' என்றே குறிக்கப்படுகிறது. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்துக்குச் சோழர் காலத்தில் பள்ளிச்சந்தம் என்று பெயர். சித்தூருக்குத் தெற்கே வள்ளிமலையில் கங்க மன்னன் ராசமல்லன் காலத்துச் சமணக் குகைகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் கன்னடச் சமணர் தம் கோயிலைச் சொன்னது 'பசதி' என்று; ஹள்ளி என்று அல்ல. சமணம் அத்தனை செழித்த மொழியிலேயே ஹள்ளி வெறும் ஊராக நின்றதென்றால், ஊர்ப்பெயருக்கு மடம் தேடுவது வீண்வேலை. அரிமுத்தன் என்பதும் ஓர் ஆளின் பெயர் போலத்தான் ஒலிக்கிறது, துறவியின் பெயர் போல அல்ல.

தமிழில்தானே பழைய சான்று இருக்கிறது, மடம் என்ற பொருளே மூத்ததாகாதா என்று கேட்கலாம். எழுத்தில் முதலில் பதிவான பொருளே பிறப்பில் மூத்தது என்றாகிவிடாது. மூன்று மொழிக்கும் பொதுவாக நிற்பது தங்குமிடம், குடியிருப்பு என்ற பொருள். மாங்குளத்துக் குகைக்குள் இருப்பவையும் பாறையில் செதுக்கிய படுக்கைகளே. துறவி உடம்பைச் சாய்த்த இடம் பள்ளி. கோயிலின் பள்ளியறையும், பள்ளிகொண்ட பெருமாளும் அந்தப் படுக்கையை விட்டு நகரவில்லை. காளத்திக்கு அருகே தொண்டைமானாற்றூரில் இறந்த சோழ மன்னன் முதலாம் ஆதித்தனைக் கல்வெட்டுகள் அவ்வூரில் 'துஞ்சின' அரசன் என்கின்றன. அவன் நினைவாக மகன் முதலாம் பராந்தகன் எடுத்த கோயில் பள்ளிப்படை. அங்கே தூக்கம் சாவாகிவிட்டது, சொல் மாறவில்லை. தங்கிய துறவி நாலு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிறகே தமிழ்ப் பள்ளி பள்ளிக்கூடமாகியிருக்க வேண்டும். அரிமுத்தனபல்லி அதற்கு முந்தைய பொருளிலேயே நின்றுவிட்ட ஊர்.