பழவேற்காடு: ஒரு பெயரின் வரலாறு

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் ஊர். பழ, வேல், காடு எனப் பிரியும் இப்பெயருக்குப் பழைய வேலமரக் காடு என்று பொருள். பின்னால் ககரம் வர, லகர மெய் றகரமாகத் திரிந்தது. சென்னையை அடுத்த திருவேற்காடும் இப்படி அமைந்ததே. அலையாத்தி மரங்களின் வேரை எண்ணிப் ‘பழவேர்க்காடு’ என்று எழுதுவது பிழை. மரத்தின் பெயரைக் காத்து நிற்பது அந்த றகரம்தான். அதை மாற்றினால் பெயரின் வரலாறே மறைந்துபோகும்.

16ஆம் நூற்றாண்டில் வந்த போர்ச்சுகீசியர் நாவில் ழகரம் லகரமாகி, றகரம் உதிர்ந்து, ஊர் ‘பலெயகாட்’ ஆயிற்று. டச்சுக்காரர் ‘பலியகட்டா’ என்றனர். ஆங்கிலேயர் அதைப் ‘புலிகாட்’ எனச் சுருக்கினர். புலிக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அதன் தலைமையிடம் இதுவே. வரலாற்று நூல்கள் கோட்டையைப் பற்றி நிறையப் பேசுகின்றன. ஆனால் ஊர்ப்பெயரைக் கடல் கடத்தியது துணி. கிராம்பும் சாதிக்காயும் விளைந்த தீவுகளில் மக்கள் விரும்பிக் கேட்டது இந்தியத் துணியை. அதைக் கொடுத்தே டச்சுக்காரர் நறுமணப் பொருள்களை வாங்கினர். கப்பலேறிய ஊரின் பெயரே துணிக்கும் பெயரானது.

அக்கால ஆங்கிலத்தில் ‘புல்லிகாட்’ என்றால் வண்ணக் கைக்குட்டை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டார நெசவாளர்கள் தாங்களே அதை நெய்து அதே பெயரில் விற்றனர். ஊரைக் கண்டிராத தறிகளில் ஊர்ப்பெயர் ஒரு துணிவகையாகவே நிலைத்தது.

மலாய் மொழியில் இச்சொல் இன்னும் வழக்கில் உள்ளது. மலேசியாவில் ஆண்கள் வீட்டிலும் தொழுகைக்கும் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிகாட்’ என்று பெயர். காயின் என்றால் துணி; பெலிகாட் என்றால் பழவேற்காடு.