வண்டி ரெடி, ரோடு எங்கே?

பழைய வண்டிகளைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நம்ம ஆளுங்க கிட்ட இருந்து ஒரு டயலாக் கண்டிப்பா வரும். "அந்தக் காலத்து வண்டி சார், இரும்பு! இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா." அம்பாசடரோ, புல்லட்டோ, மகேந்திரா ஜீப்போ, எதுவா இருந்தாலும் இதே வசனம்தான்.

இந்தப் பதிவும் ஒரு பழைய வண்டியைப் பத்தித்தான். 1955ல லண்டன்ல கிளம்பி சிங்கப்பூர் வரைக்கும் தரைவழியா போன ஒரு லேண்ட் ரோவர். 64 வருஷம் கழிச்சு, 2019ல, அதே வண்டியை சிங்கப்பூர்ல இருந்து லண்டனுக்குத் திரும்ப ஓட்டிக்கிட்டுப் போனாங்க. அதே வண்டி, ஆனா அதே ரோடு இல்லை. ஏன் இல்லைங்கறதுதான் மேட்டரே.

முதல்ல 1955. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ரெண்டு பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த 6 பசங்க. ஐரோப்பாவோட இந்தக் கோடியில இருந்து ஆசியாவோட அந்தக் கோடி வரைக்கும் கார்லயே போகணும்னு கிளம்பிட்டாங்க. கையில பெருசா காசு கிடையாது. கம்பெனி கம்பெனியா லெட்டர் போட்டு ஸ்பான்சர் பிடிச்சாங்க. ரோவர் கம்பெனி ரெண்டு வண்டி கொடுத்தது. கரு நீல வண்டிக்கு "ஆக்ஸ்ஃபோர்டு", வெளிர் நீல வண்டிக்கு "கேம்பிரிட்ஜ்"னு பேரு. அப்ப பிபிசியில இளம் தயாரிப்பாளரா இருந்த டேவிட் அட்டன்பரோ (ஆமாங்க, விலங்கு டாக்குமெண்டரி அட்டன்பரோவேதான்) படம் பிடிச்சுக்கிட்டு வாங்கன்னு ஃபிலிம் ரோல் கொடுத்து அனுப்பினார். டீம்ல கேமராவைக் கவனிச்சுக்கிட்டவர் ஆண்டனி பாரிங்டன் பிரவுன். டி.என்.ஏ. மாடல் பக்கத்துல வாட்சனும் கிரிக்கும் நிக்கிற அந்தப் புகழ்பெற்ற ஃபோட்டோவை 1953ல எடுத்தவரும் இவர்தான்.

வண்டியைப் பத்தி கொஞ்சம். லேண்ட் ரோவர் சீரிஸ் ஒன், 86 அங்குல வீல்பேஸ். 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், சுமார் 50 குதிரைசக்தி. இன்னிக்கு நம்ம ஊர்ல ஓடற சின்னக் காருக்கே அதைவிட சக்தி ஜாஸ்தி. நீண்ட பயணத்துக்காக எக்ஸ்ட்ரா பெட்ரோல் டேங்க், கூரை மேல சாமான் வைக்க கேரியர்னு சில மாற்றங்கள் செஞ்சாங்க. "இரும்பு சார்" கட்சிக்காரங்களுக்கு ஒரு செய்தி: இந்த வண்டியோட பாடி இரும்பே இல்லை, அலுமினியக் கலவை! இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச சமயம் பிரிட்டன்ல எஃகுக்கு ரேஷன். அதனால 1948ல வந்த லேண்ட் ரோவருக்கு சேஸிஸ் மட்டும் எஃகு, மேல அலுமினியம். இந்த விஷயம் பின்னாடி உதவப் போகுது, ஞாபகம் வச்சுக்கங்க.

1955 செப்டம்பர் 1ம் தேதி லண்டன் ஹைட் பார்க் கார்னர்ல கிளம்பினாங்க. பிரான்ஸ், துருக்கி, டமாஸ்கஸ், பாக்தாத், டெஹ்ரான், பாகிஸ்தான், இந்தியா. இந்தியா வரைக்கும் அதுக்கு முன்னாடியே நிறைய பேர் கார்ல வந்திருக்காங்க. சிக்கல் அதுக்கப்புறம்தான். அசாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல காடும் மலையும் மட்டும்தான்.

அங்கே ஒரு ரோடு இருந்தது. இருந்ததுன்னு சொல்றதைவிட, செத்துக்கிட்டு இருந்ததுன்னு சொல்லலாம். போர்ச் சமயத்துல சீனாவுக்கு ஆயுதமும் சாமானும் அனுப்ப, அசாம்ல இருக்கற லேடோவில இருந்து பர்மா வழியா சீனாவோட குன்மிங் வரைக்கும் அமெரிக்க ராணுவம் ஒரு பாதை போட்டது. மொத்தம் 1,700 கிலோமீட்டருக்கு மேல. லேடோ ரோடு, ஸ்டில்வெல் ரோடுன்னு ரெண்டு பேரு. இதைப் போட்ட அமெரிக்க வீரர்கள்ல பெரும்பாலானவங்க கறுப்பினத்தவர்கள். கூடவே ஆயிரக்கணக்கான இந்திய, பர்மியத் தொழிலாளர்கள். மலேரியாவுலயும் நிலச்சரிவுலயும் ஏகப்பட்ட பேர் செத்தாங்க. 1945 ஜனவரியில முதல் லாரிகள் முழுத் தூரம் போக ஆரம்பிச்சது. அதே வருஷம் போரும் முடிஞ்சது. அப்புறம் ரோட்டை யாரும் கண்டுக்கல. காடு தன் இடத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டது.

போர் முடிஞ்சு 10 வருஷம் கழிச்சு, அந்தப் பாதையிலதான் பசங்க வண்டியை விட்டாங்க. பாலங்கள் போயிருந்தது. மழைக்காலம் தொடங்கறதுக்குள்ள கடந்தாகணும். பங்சாவ் கணவாயைத் தாண்டி மியிச்சினா, அப்புறம் ஷான் மலைகள், தாய்லாந்து, மலேயான்னு 1956 மார்ச்ல சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தாங்க. 6 மாசம், 6 நாள். குழுவில ஒருத்தரான டிம் ஸ்லெஸ்ஸர் இதைப் புத்தகமா எழுத, 1957ல வந்த அந்தப் புத்தகம் இன்னிக்கு வரைக்கும் லேண்ட் ரோவர் பைத்தியங்களோட வேதப் புத்தகம்.

இந்த இடத்துல கொஞ்சம் பின்னாடி போகணும். இந்தக் கதையை ஆங்கிலத்துல எழுதறவங்க ஸ்டில்வெல் ரோட்டை ஒரு த்ரில்லான அட்வெஞ்சர் டிராக் மாதிரி சொல்லிட்டுப் போயிடறாங்க. நமக்கு அது அவ்வளவுதானா?

1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தப்ப, அங்கிருந்த இந்தியர்கள் லட்சக்கணக்குல இந்தியாவை நோக்கி நடந்தாங்க. கப்பல் டிக்கெட் பணக்காரங்களுக்கும் வெள்ளைக்காரங்களுக்கும்தான் சுலபமா கிடைச்சது. மத்தவங்களுக்கு கால்நடை. ரங்கூன்லயும் ஐராவதி டெல்டாவுலயும் கூலி வேலை பார்த்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்தக் கூட்டத்துல இருந்தாங்க. தெற்கே தமு வழியா மணிப்பூருக்கு ஒரு வழி. வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கு, பங்சாவ் கணவாய் வழியா அசாமுக்கு இன்னொரு வழி. இந்த ரெண்டாவதுதான் ரொம்பக் கொடூரம். மே மாசத்துக்கு அப்புறம் மழை பிடிச்சுக்கிட்டது. சேறு, காலரா, பசி. வழி நெடுக பிணம்னு பிழைச்சு வந்தவங்க சொல்லியிருக்காங்க. எத்தனை ஆயிரம் பேர் செத்தாங்கன்னு யாரும் சரியா எண்ணி வைக்கல. அந்தப் பள்ளத்தாக்கு வழியாத்தான் கொஞ்ச நாள்லயே ஸ்டில்வெல் ரோடு போட்டாங்க. அதுலதான் 1956ல ஆக்ஸ்ஃபோர்டு போச்சு.

அந்த 6 பேரோட துணிச்சலைக் குறைச்சுச் சொல்லணும்னு இதை எழுதல. அவங்க நிஜமாவே கில்லாடிங்க. ஆனா ஒரே கணவாய், 14 வருஷ இடைவெளியில, ஒருத்தருக்கு சுடுகாடு, இன்னொருத்தருக்கு சாகசம். ரெண்டையும் சேர்த்துப் படிச்சாத்தான் அந்த ரோட்டோட வரலாறு முழுசாகும்.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? கதவுகள் ஒண்ணொண்ணா சாத்த ஆரம்பிச்சது. 1962ல பர்மாவுல ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடிச்சார். நாடு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டது. கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்க, இந்தியர்கள் மறுபடியும் மூட்டை கட்டினாங்க. இந்தத் தடவை நிறைய பேர் கப்பல்ல சென்னைக்கு. நம்ம பாரிமுனை பக்கத்து பர்மா பஜார் வந்த கதை இதுதான். 1968ல லண்டன்–சிட்னி கார் ரேஸ் நடந்தப்ப வண்டிகள் காபூல், கைபர் கணவாய், டெல்லின்னு பம்பாய் வரைக்கும்தான் ஓடி வந்தது. அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல். 1975ல லெபனான்ல உள்நாட்டுப் போர். 1979ல ஈரான் புரட்சி, அதே வருஷக் கடைசியில ஆப்கானிஸ்தானுக்குள்ள சோவியத் ராணுவம். 1980ல ஈரான்–ஈராக் போர். லண்டன்ல இருந்து பஸ் பிடிச்சு இந்தியா வந்துக்கிட்டு இருந்த ஹிப்பிக் கூட்டம் அதோட நின்னு போச்சு.

ஆக்ஸ்ஃபோர்டு வண்டி? அது பறவை ஆராய்ச்சியாளர்களோட அட்லாண்டிக் கடல்ல இருக்கற அசென்ஷன் தீவுக்குப் போச்சு. பிறகு நெப்போலியனை நாடு கடத்தி வச்சிருந்த செயின்ட் ஹெலினா தீவுக்கு. அங்கே உழைச்சு ஓய்ஞ்சு, துருப்பிடிச்சுக் கிடந்ததை இங்கிலாந்துல ஒரு சேகரிப்பாளர் வாங்கி 2017ல கப்பல்ல ஊருக்குக் கொண்டு வந்தார். உப்புக் காத்து எஃகை அரிச்சாலும் அலுமினியத்தைப் பெருசா ஒண்ணும் செய்யாது. ஞாபகம் வச்சுக்கங்கன்னு சொன்னது இதுக்குத்தான் :-) பளபளன்னு புதுசாக்காம, நசுங்கல் கீறலோட பழைய பாடியை வச்சே வண்டியை ஓட வச்சுட்டாங்க.

2019 ஆகஸ்ட் 25ம் தேதி சிங்கப்பூர்ல இருந்து லண்டன் நோக்கிக் கிளம்பினாங்க. 87 வயசு டிம் ஸ்லெஸ்ஸரும் போறதா இருந்தது. கிளம்பற நேரத்துல உடம்பு முடியாம போக, அவர் இடத்துல பேரன் ஏறினான். 111 நாள் கழிச்சு, டிசம்பர் 14ம் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தாங்க.

64 வயசு வண்டி போய்ச் சேர்ந்துடுச்சு. ஆனா பங்சாவ் கணவாய் வழி கிடையாது. பாக்தாத், டமாஸ்கஸ் கிடையாது. நேபாளம், திபெத், மத்திய ஆசியான்னு சுத்திக்கிட்டுத்தான் போகணும். அதுலயும் சீனாவுக்குள்ள வெளிநாட்டு வண்டி போகணும்னா தற்காலிக நம்பர் பிளேட், தற்காலிக லைசென்ஸ், கூடவே ஒரு கைடு. பல நாடுகளுக்கு கார்னே வேணும். அதாவது வண்டியைத் திருப்பி வெளியே கொண்டு போயிடுவேன், இல்லைன்னா சுங்க வரி கட்டறேன்னு உத்தரவாதம் தர்ற பத்திரம், வண்டிக்கு ஒரு பாஸ்போர்ட் மாதிரி. கியர் பாக்ஸ் போனா ஸ்பேர் கிடைக்கும், வெல்டிங் வச்சா ஆக்சில் ஒட்டும். எல்லைக் கேட் சாத்தினா எந்த மெக்கானிக்கும் ஒண்ணும் பண்ண முடியாது.

அவங்க போன வருஷம்கூட ஒரு நல்ல நேரம்தான். 2018 ஆகஸ்ட்லதான் மணிப்பூரோட மோரேயும் மியான்மரோட தமுவும் பயணிகளுக்கு முறைப்படி திறந்தது. மோரேயில தமிழர்கள் இருக்காங்க தெரியுமா? 60கள்ல பர்மாவுல இருந்து வெளியேறி, பிறகு தரைவழியா திரும்பிப் போக முயற்சி பண்ணி முடியாம, எல்லையிலயே தங்கிட்ட குடும்பங்கள். அங்காள பரமேஸ்வரிக்கு அங்கே கோயில் இருக்கு. திறந்த கேட் ரொம்ப நாள் நிலைக்கல. 2020ல கொரோனா, 2021 பிப்ரவரியில மியான்மர்ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. 2022 ஜூலையில மோரேயைச் சேர்ந்த 2 தமிழ் இளைஞர்கள் தமு பக்கம் போனப்ப சுட்டுக் கொல்லப்பட்டாங்க. 2023 மே மாசம் மணிப்பூரே பத்தி எரிஞ்சது.

அதனால "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா"ன்னு யாராவது சொன்னா நான் சண்டைக்குப் போறதில்லை. வண்டி வரும், 64 வருஷம் கழிச்சும் வந்துச்சே. நான் கேக்கறது வேற: அந்த வருஷம் எந்தக் கேட் திறந்திருந்தது? யாருக்குத் திறந்திருந்தது? 1955ல பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோட கிளம்பின பசங்களுக்கு அது ஓரளவு திறந்தது. 1942ல நடந்து வந்தவங்ககிட்ட பாஸ்போர்ட்டும் இல்லை, வண்டியும் இல்லை, படம் பிடிச்சுக்கிட்டு வாங்கன்னு ஃபிலிம் ரோல் கொடுக்க பிபிசியும் இல்லை. அதனாலதான் ஒரு பயணத்துக்கு நாள் கணக்கு துல்லியமா இருக்கு, இன்னொண்ணுக்குச் செத்தவங்க எண்ணிக்கைகூட இல்லை.

இதைப் படிக்கிறவங்கள்ல யார் வீட்டுலயாவது பர்மாவுல இருந்து வந்த தாத்தா, பாட்டி, பெரியம்மா இருந்தா, அல்லது அவங்க சொல்லக் கேட்ட கதை இருந்தா, தயவு செஞ்சு எழுதுங்க. எந்த ஊர்ல கிளம்பினாங்க, எந்த வழியா வந்தாங்க, எத்தனை நாள் ஆச்சு, யாரை வழியில விட்டுட்டு வந்தாங்க. ரெண்டு பத்தி போதும்.