கணிதம் கேட்காத எம்.ஏ.

மதுரையில் 1806இல் பிறந்த அகஸ்டஸ் டி மார்கன் ஏழு மாதக் கைக்குழந்தையாக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. தர்க்கவியல் படித்தவர்கள் மகனின் பெயரை அவர் தந்த விதிகளோடு சேர்த்தே அறிவார்கள். கேம்பிரிட்ஜின் கணித டிரைபாஸ் தேர்வில் 1827இல் அவர் நான்காவது ராங்ளர், அதாவது முதல் வகுப்பில் நான்காம் இடம். பி.ஏ. கிடைத்தது, எம்.ஏ. கிடைக்கவில்லை. கணிதத்தில் எந்தக் குறையும் இல்லை. அங்கே எம்.ஏ.வுக்குத் தேர்வே கிடையாது. பி.ஏ.வுக்குப் பின் சில ஆண்டுகள் கழிய வேண்டும், கட்டணம் செலுத்த வேண்டும், இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தன் சமய ஒப்புதலைக் கையெழுத்திட்டுத் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்கு டி மார்கன் இணங்கவில்லை. எம்.ஏ.வோடு கல்லூரி ஃபெல்லோ ஆகும் வாய்ப்பும் போயிற்று. கணிதத்தில் முதுநிலைப் பட்டம் பெற என்ன தகுதி வேண்டும் என்ற கேள்விக்குக் கணிதத்தைக் கொண்டே விடை சொன்னது இந்தப் பழம்பெரும் கேம்பிரிட்ஜ் அல்ல, வெறும் தேர்வு எந்திரம் என்று இகழப்பட்ட லண்டன் பல்கலைக்கழகம்தான்.

கேம்பிரிட்ஜ் எம்.ஏ. கல்வித் தகுதியே அல்ல, பல்கலைக்கழகப் பேரவையில் உறுப்பினராக அமர்வதற்கான அடையாளம், அதில் கணிதத்தைத் தேடுவதே பிழை என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் எதை, எப்படிக் கற்பிப்பது என்று வாக்களித்து முடிவு செய்தவர்களும் அந்த உறுப்பினர்களே. நிபந்தனை கணிதத்தைத் தொடாவிட்டாலும் கணிதர்களைத் தொட்டது. டி மார்கனிடம் சிறுவனாகப் பயின்ற ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் 1837இல் இரண்டாவது ராங்ளர். யூதர் என்பதால் பி.ஏ.கூட வாங்க முடியாமல், 1841இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்களுக்கோ கையெழுத்திடும் வாய்ப்பும் இல்லை. 1890இல் ஃபிலிப்பா ஃபாசெட் முதல் ராங்ளரையும் விஞ்சினார். அவ்வாறே அறிவித்த பல்கலைக்கழகம் பட்டம் மட்டும் தரவில்லை. பெண்களுக்கு அங்கே முழுமையான பட்டம் கிடைத்தது 1948இல்.

1836இல் சாசனம் பெற்ற லண்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது. சமயம் கேட்கவில்லை, 1878 முதல் ஆணா பெண்ணா என்றும் கேட்கவில்லை. டிரைபாஸில் எட்டாம் இடத்துக்கு நிகராக மதிக்கப்பட்டும் வெறுங்கையோடு நின்ற சார்லட் ஆங்கஸ் ஸ்காட், லண்டன் தேர்வுகளை எழுதி 1885இல் டி.எஸ்சி. ஆனார். இதே லண்டனை முன்மாதிரியாக வைத்துத்தான் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் அமைந்தது. தேர்வு எழுதித் தேறினால் எம்.ஏ. என்ற, நமக்கு இன்று இயல்பாகத் தோன்றும் வழக்கம் நம்மிடம் வந்த வழி இது.

தேர்வை இப்படிப் புகழ்ந்தால் ராமானுஜன் குறுக்கே வந்து நிற்பார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர் அவர். அறிவை மட்டும் அளப்பதாகச் சொன்ன முறை, கணிதத்தில் தன்னிகரற்றவரை ஆங்கிலத்தையும் உடலியலையும் காட்டி வெளியே தள்ளியது. இந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. ஆயினும் 1913இல் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எம்.ஏ. முடித்தவருக்கு உரிய ஆராய்ச்சி உதவித்தொகையை, பி.ஏ.கூட இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாயாக அதே சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கியது. 1916இல் கேம்பிரிட்ஜும் அவருடைய ஆராய்ச்சியை ஏற்றுப் பி.ஏ. கொடுத்தது. கணிதத்துக்காக வைத்த விதியைக் கணிதத்தின் பெயரால் தளர்த்த முடிந்தது. நம்பிக்கைக்காக வைத்த விதியைத் தளர்த்த டி மார்கனின் எந்தத் தேற்றமும் உதவியிருக்காது.

அந்த விதியை நாடாளுமன்றம்தான் நீக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகச் சமயச் சோதனைகளை ஒழித்த சட்டம் 1871 ஜூனில் வந்தது. மறு ஆண்டே, தேர்வெழுதி 35 ஆண்டுகள் கழிந்த நிலையில், சில்வெஸ்டர் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றார். டி மார்கனோ சட்டம் வருவதற்கு முன்பே, 1871 மார்ச்சிலேயே இறந்துவிட்டிருந்தார். கேம்பிரிட்ஜில் முதுநிலைக் கணிதம் கற்பிக்கும், டிரைபாஸின் மூன்றாம் பகுதி நெடுங்காலம் சான்றிதழோடு நின்று, இந்த நூற்றாண்டில்தான் முதுநிலைப் பட்டமாக உயர்ந்தது. பழைய எம்.ஏ. இன்றும் அங்கே உண்டு, இன்றும் தேர்வில்லாமல்.