சீமை எண்ணெய்

பெயரிலேயே ஒரு வரலாறு பதுங்கியிருக்கிறது! மண்ணெண்ணெய் என்றன ஏடுகள். கிருஷ்ணாயில் என்றது கடைத்தெரு. ஆனால் கொடைரோட்டிலும் நிலக்கோட்டையிலும் வத்தலக்குண்டிலும் பாட்டிமார் நாவில் நெடுங்காலம் நடமாடிய பெயர், சீமை எண்ணெய். இங்கு வந்த எண்ணெய் சீமை மண்ணில் ஊறியதன்று. முதலில் அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும், பின்னர்ப் பெருமளவில் பர்மாவிலிருந்தும் அது வந்தது. ஆயினும், பாட்டி வைத்த பெயர் பொய்யன்று! எண்ணெய் ஊறியது கிழக்கே. அதன் விலை ஊறியது சீமையிலே!

எண்ணெய் கிடைத்தால் ஏழை நாடு ஏற்றம் பெறும் என்பார் ஒரு சாரார். எண்ணெய் எடுத்த நாடெல்லாம் கெட்டது என்பார் மற்றொரு சாரார். இரண்டுக்கும் சான்று உண்டு. அப்படியாயின் எண்ணெயின் குணந்தான் என்ன? எண்ணெய்க்கு எரிவது ஒன்றே குணம். எவன் விளக்கில் எரிகிறது, எவன் வயிறு எரிகிறது என்பதைத் தீர்மானிப்பது எண்ணெயன்று. அதன் கணக்கேட்டைக் கையில் வைத்திருப்பவன்! தலைவிதி என்று தலையில் அடித்துக்கொள்ள இதில் இடமில்லை. விலையை விதித்தவர் உண்டு, அவருக்குப் பெயர் உண்டு, கூடிப் பேசிய இடமுண்டு, ஆண்டு உண்டு.

கொடைரோட்டிலிருந்தே தொடங்குவோம். அம்மையநாயக்கனூர் அருகே, 1875-ல் திறந்த ரயில் பாதையில், கொடைக்கானல் மலைக்கு வாயிலாக அமைந்த நிலையம் அது. மலைக்குச் செல்லும் துரைமார்கள் அங்கே இறங்கினர். அடிவாரம் வரையில் மாட்டு வண்டி. அதற்குமேல் குதிரை, அல்லது மனிதன் தோள்! ஆம், நாற்காலியிலே ஒருவன் அமர, அதைச் சுமந்து மலை ஏறினர் கூலியாட்கள். 1910-களின் நடுப்பகுதியில் வத்தலக்குண்டு வழியாக மலைப்பாதை திறந்தது, மோட்டார் ஏறிற்று, மனிதன் தோள்மீதிருந்து மனிதன் இறங்கினான். பெட்ரோல் செய்த இந்த நன்மையை மறைப்பது அறமாகாது.

மண்ணெண்ணெய் செய்த நன்மையும் சிறிதன்று. ஆமணக்கும் இலுப்பையும் ஆட்டி எடுத்த எண்ணெயில் மங்கிய அகல் எரிந்த வீட்டிலே, சிம்னி விளக்கு வந்தது. அரிக்கேன் விளக்கு வந்தது. அந்தி சாய்ந்தபின் படிக்கச் சிறுவனுக்கு வெளிச்சம் வந்தது. எண்ணெய் தீர்ந்த தகரம்கூடத் தண்ணீர்க் குடமாயிற்று, கூரை ஓட்டைக்கு ஒட்டுமாயிற்று. அறிவியல் தந்த கொடை இது. கொடை தந்தது அறிவியல். கொள்ளை கொண்டவர் யார்?

பர்மாவைப் பாருங்கள். ஏனஞ்சாவுங் என்னும் இடத்தில், ஆங்கிலேயர் வருமுன்பே, பர்மியர் கையால் கிணறு தோண்டி எண்ணெய் இறைத்துவந்தனர். 1885-ல் படை நடத்தி மேல் பர்மாவைப் பிடித்தது பிரிட்டன். 1886-ல் ஸ்காட்லாந்தில் எழுந்தது பர்மா ஆயில் கம்பெனி! வாளுக்குப் பின்னால் வாணிகம் எத்தனை விரைவில் வருகிறது பாருங்கள்! அரை நூற்றாண்டு எண்ணெய் எடுத்தபின் பர்மியத் தொழிலாளி கண்ட வாழ்வென்ன? 1938-ல் அவன் வேலை நிறுத்தம் செய்து, எண்ணெய் வயலிலிருந்து தலைநகரான ரங்கூனை நோக்கிக் கால் கடுக்க நடந்தான் என்பதே அதற்கு விடை. நிறைந்த வயிறு நெடுவழி நடப்பதில்லை.

அந்தப் பர்மா எண்ணெய்க்கு விலை எவ்வாறு அமைந்தது? இங்கேதான் நம் குடிசை விளக்கு உலக வரலாற்றில் நுழைகிறது. 1927-ல் அமெரிக்க ஸ்டாண்டர்டு ஆயில் குடும்பத்தைச் சேர்ந்த நியூயார்க் கம்பெனி, சோவியத் நாட்டு மண்ணெண்ணெயை வாங்கி இந்தியாவில் விற்க முற்பட்டது. ராயல் டச்சு ஷெல் கம்பெனியின் தலைவர் ஹென்றி டெட்டர்டிங் வெகுண்டார். புரட்சி அரசு தம்மிடமிருந்து பறித்த வயலின் எண்ணெயைப் பிறர் விற்பதா என்று சீறி, இந்தியாவில் விலையைச் சரித்தார். எதிரியும் சரித்தார். பூதங்கள் இரண்டு மோதிக்கொண்டன, விலை வீழ்ந்தது! நட்டத்திலே ஞானம் பிறந்தது அவர்களுக்கு. 1928-ல் பர்மா ஆயிலும் ஷெல்லும் இந்திய விற்பனைக்காகக் கைகோத்துப் பர்மா ஷெல் ஆயின. அதே 1928 செப்டம்பரில், ஸ்காட்லாந்தின் அக்னகாரி கோட்டையிலே ஷெல்லின் டெட்டர்டிங், நியூ ஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயிலின் வால்டர் டீகிள், ஆங்கிலோ பெர்ஷியனின் ஜான் காட்மன் ஆகியோர் கூடினர். சந்தையில் அவரவர்க்கு இப்போதுள்ள பங்கு அப்படியே இருக்கட்டும், போட்டி வேண்டா, விலையைக் கூடிக் காப்போம் என்று உடன்படிக்கை எழுதினர். அது முழுமையாக உலகுக்குத் தெரிந்தது எப்போது? 24 ஆண்டுகள் கழித்து, 1952-ல், அமெரிக்க அரசின் விசாரணை அறிக்கை வெளிவந்தபோது!

அந்தக் காலத்து விலைக் கணக்கு விந்தையிலும் விந்தை. எண்ணெய் எங்கே எடுக்கப்பட்டாலும் சரி, அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாத் துறைமுக விலையை எடுத்துக்கொள், அங்கிருந்து வருவதாகப் பாவித்துக் கப்பல் கூலியைச் சேர், அதுவே விலை. அருகிலுள்ள பாரசீகத்து எண்ணெய் பம்பாய்க்கு வந்தாலும், அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்ததாகக் கணக்கு! ஓடாத கப்பலுக்குக் கூலி! ஏறாத சரக்குக்கு வாடகை! ஆவிக்கும் பேய்க்கும் படையல் இடுவது அறியாமை என்று நாம் எடுத்துரைக்கிறோம். ஆவிக் கப்பலுக்கு இந்தியாவின் ஏழை இட்ட படையலை என்னென்பது?

1942-ல் ஜப்பானியர் நெருங்கியபோது, பிரிட்டிஷார் தம் கையாலேயே பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளையும் சிரியம் ஆலையையும் அழித்தனர். நம்மவர் பல்லாயிரவர் கால்நடையாகக் காடும் மலையும் கடந்து திரும்பினர். இங்கே மண்ணெண்ணெய்க்குப் பங்கீடு, பெட்ரோலுக்குப் பஞ்சம், முதுகில் கரியடுப்பைச் சுமந்து மூச்சுத் திணற ஓடின பஸ்கள். வேற்றார் கையிலுள்ள திரியால் எரியும் விளக்கு, வேற்றார் ஊதினால் அணையும் என்ற பாடத்தை இருட்டிலே கற்றது நாடு.

அந்தப் பாடத்தை உரக்கச் சொன்ன நாடு ஈரான். 1901-ல் வில்லியம் டார்சி என்னும் செல்வர், 60 ஆண்டுகளுக்கு எண்ணெய் உரிமை பெற்றார். நாட்டுக்குத் தருவது நிகர இலாபத்தில் 100-க்கு 16. 1908-ல் எண்ணெய் பீறிட்டது. அதற்குப் பணம் போட்டது எது? பர்மாவில் கொழுத்த அதே பர்மா ஆயில்! 1914-ல் பிரிட்டிஷ் அரசே பெரும்பான்மைப் பங்கை வாங்கிற்று. ஆண்டுகள் உருண்டன. 1950-ஐ ஒட்டி, அந்தக் கம்பெனி ஈரானுக்குத் தந்த பங்கைவிடப் பிரிட்டிஷ் அரசுக்குக் கட்டிய வரி பெரிது! அபாதானில் உலகின் மாபெரும் எண்ணெய் ஆலை; ஆலையின் நிழலிலே தகரக் கொட்டகைச் சேரி. 1951-ல் முசாதிக் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கினார். ஈரானிய எண்ணெயை எவரும் வாங்காதபடி தடுத்தது பிரிட்டன். 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத் துறைகளின் சதியால் அவர் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 60 ஆண்டுகள் கழித்து, 2013-ல் வெளியான தம் ஆவணத்திலேயே அமெரிக்க உளவுத் துறை அதை ஒப்புக்கொண்டது. கணக்கேட்டைக் கேட்டவனுக்குக் கிடைத்த பரிசு அது!

இந்தியா வேறு வழி சென்றது. 1950-களின் தொடக்கத்தில் அந்நியக் கம்பெனிகளுடன் செய்த ஒப்பந்தங்களின்படி பம்பாயிலும் விசாகப்பட்டினத்திலும் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 25 ஆண்டுகளுக்கு நாட்டுடைமை ஆக்குவதில்லை என்ற வாக்குறுதி அதில் இருந்தது. எந்த எண்ணெயைச் சுத்திகரிப்பது என்ற முடிவும் கம்பெனியின் கையிலே இருந்தது. 1956-ல் எண்ணெய், இயற்கை வாயு ஆணையம் அமைந்தது. 1958-ல் காம்பேயிலும் 1960-ல் அங்கலேசுவரத்திலும் எண்ணெய் கிடைத்தது. 1960-ல் சோவியத் நாடு குறைந்த விலையில் கச்சா எண்ணெய் தர முன்வந்தபோது, எங்கள் ஆலையில் அதை ஏற்றமாட்டோம் என்றன கம்பெனிகள். அமைச்சர் மாளவியா அசையவில்லை. மறுத்த கம்பெனிகளே பின்னர்த் தம் எண்ணெய் விலையில் தள்ளுபடி தரும்படி நேர்ந்தது. ஆண்டாண்டாக அசையாத விலை, வேறொரு விற்பனையாளன் வாயிலில் நின்றவுடன் அசைந்ததே! இயற்கை நியதியா அந்த விலை? எழுதி வைத்த விலை!

தமிழகத்திலும் மணலி ஆலை 1969-ல் இயங்கத் தொடங்கிற்று. இந்திய அரசோடு அதில் பங்குதாரராக நின்றவற்றுள் ஒன்று, ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனி. 1974 முதல் 1976 வரையில் எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகியவை நாட்டுடைமை ஆயின. சீமை எண்ணெயின் சீமை அகன்றது!

அகன்றதால் அல்லல் முழுதும் தீர்ந்ததா? இல்லை. 1973 அக்டோபர்ப் போரின்போது, எண்ணெய் விற்கும் நாடுகள் விலையைத் தம் கையில் எடுத்தன. பீப்பாய் ஏறத்தாழ 3 டாலராக இருந்தது, 1974 தொடக்கத்தில் 12 டாலரை எட்டிற்று. சுரண்டப்பட்ட நாடுகள் உரிமை கேட்டது நியாயம். ஆனால் அந்தச் சுமையின் கொடுமையை உணர்ந்தவை எண்ணெயற்ற ஏழை நாடுகள். உரத்தின் விலை ஏறிற்று. பஸ் கட்டணம் ஏறிற்று. அரிசி விலை ஏறிற்று. வளைகுடாவில் குவிந்த பணம் கட்டடங்களாக எழுந்தபோது, அங்கே கல் சுமக்கவும் கம்பி கட்டவும் கடல் கடந்தனர் நம் இளைஞர்கள். எண்ணெய் இங்கு வந்தது; இளமை அங்குச் சென்றது.

எண்ணெய் எடுத்த நாடுகளின் கதையும் ஒன்றாக இல்லை. நைஜீரியாவில் 1956-ல் ஒலோய்பிரியில் எண்ணெய் கண்டனர். நைஜர்க் கழிமுகத்து மீனவனின் ஆறு கறுத்தது. அந்த மக்களுக்காக வாதாடிய எழுத்தாளர் கென் சரோ விவா 1995-ல் தூக்கிலிடப்பட்டார். நார்வேயிலும் எண்ணெய் கிடைத்தது, 1969-ல். அங்கே 1990-ல் சட்டம் இயற்றி, எண்ணெய் வருவாயை வருங்கால மக்களுக்கென நிதியாகச் சேர்த்து, அதன் கணக்கை ஊரறிய வெளியிடுகின்றனர். எண்ணெய் ஒன்றுதான், ஏடு திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பதே வேற்றுமை. நார்வேக்கு எண்ணெய் கிடைக்குமுன்பே மக்களாட்சியும் கல்வியும் இருந்தன என்பதையும் மறவாதீர்.

நம் காவிரிப் படுகைக்கு வருவோம். 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. 1993-ல் பனங்குடியில் ஆலை எழுந்தது. 2017-ல் நெடுவாசலும் கதிராமங்கலமும் வீதிக்கு வந்தன. எங்கள் நிலத்தின் அடியில் என்ன செய்யப் போகிறீர், நீர் என்னாகும், நெல் என்னாகும் என்று உழவர் கேட்டனர். 2020-ல் தமிழக சட்டமன்றம் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. புதிய எண்ணெய்த் தோண்டலுக்கு அது தடை. முன்பே நடப்பவை நீடிக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில், மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து, படகையும் வலையையும் பாழாக்கிற்று. அரசுடைமை என்பது மக்களுடைமை ஆவது தானாக நிகழ்வதன்று. கேட்கும் மக்கள் வேண்டும். கணக்குக் காட்டும் அரசு வேண்டும்!

விலைக்கும் அதே நியாயந்தான். 2014 நடுவில் 100 டாலரைத் தாண்டியிருந்த பீப்பாய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்குக் கீழே சரிந்தது. அந்தச் சரிவு முழுமையும் நம் மக்களுக்கு வந்ததா? வரவில்லை, ஒன்றிய அரசு உற்பத்தி வரியைப் பலமுறை உயர்த்தி, வழியிலேயே பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. அந்நியக் கம்பெனியின் ஆவிக் கப்பலைக் கண்டித்த நாவுக்கு, நம் அரசின் வரிக் கணக்கைக் கேட்கவும் உரிமை உண்டு, கடமையும் உண்டு.

நிலக்கோட்டைப் பூச்சந்தையைப் பாருங்கள். கொடைரோட்டுத் திராட்சைத் தோட்டத்தைப் பாருங்கள். மல்லிகைக்கு விலை சொல்பவன் வாங்குகிறவன். அதை ஏற்றிச் செல்லும் வண்டியின் டீசலுக்கு விலை சொல்பவன் விற்கிறவன். விளைவித்தவனோ இரண்டு விலைக்கும் நடுவே நசுங்குகிறான். டீசல் ஏறினால் பூவின் விலை ஏறுவதில்லை. அவன் கூலிதான் இறங்குகிறது. வறுமைக்கு வேறு விளக்கம் தேடி ஜாதகத்தைப் புரட்டுவானேன்? இந்த இரண்டு விலைகளையும் எழுதுபவர் யார் என்று புரட்டிப் பார்த்தால் போதாதா?

இளைஞர்களே! விளக்கு எரிந்தால் வெளிச்சம் என்று மகிழ்ந்தது பாட்டன் காலம். எண்ணெய் யாருடையது என்று கேட்டது தந்தையர் காலம். விலை எவ்வாறு வந்தது, வரி எங்கே சென்றது, கெட்ட நிலத்துக்கு ஈடு என்ன, இன்று எடுப்பதில் நாளைய பிள்ளைக்குப் பங்கு எங்கே என்று கேட்பது நம் காலம். அக்னகாரியில் மூடிய கதவுக்குப் பின்னால் எழுதியது 24 ஆண்டுகள் இருட்டிலே இருந்தது. இனி எழுதப்படும் எந்தக் கணக்கும் அங்ஙனம் இருட்டிலே இருக்க விடலாகாது. ஊர்தோறும் படிப்பகம் உண்டு. கையிலே ஏடு உண்டு. கேட்க நா உண்டு. கேளுங்கள்!