காஃபிக்கடையில் கற்ற மொழி

வீட்டில் இரண்டு கணினிகள். ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ். இரண்டும் ஒரே ரவுட்டரில்தான் தொங்குகின்றன. ஏழு கடல் தாண்டியிருக்கும் சர்வரிலிருந்து சினிமா பார்க்கலாம். பக்கத்து அறைக் கணினியில் இருக்கும் கல்யாண ஆல்பத்தை எடுக்க முடியாது. “நெட் நல்லாத்தானே வருது, இது மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது?” என்று யாராவது கேட்பார்கள். கடைசியில் பென்டிரைவைத் தேடுவோம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் என்ற பொறியாளர், ஒரு கணினியின் வட்டில் உள்ள கோப்பை இன்னொரு கணினி தன்னுடையதைப் போலவே திறந்து படிக்க ஒரு நெறிமுறை வகுத்தார். வெளியே வரும்போது அதற்கு எஸ்எம்பி என்று பெயர். மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துத் தன் லேன் மேனேஜரிலும் பிறகு விண்டோஸிலும் வளர்த்தது. யூனிக்ஸ் உலகம் வேறு வழியில் போனது. சன் நிறுவனம் 1984-ல் என்எஃப்எஸ்ஸைக் கொண்டுவந்தது. ஆக, ஒரே வேலைக்கு இரண்டு மொழிகள்.

1991 டிசம்பர். கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆய்வு மாணவர், டெக் நிறுவனத்தின் புது மென்பொருள் ஒன்றைத் தன் பிசியில் சோதிக்க விரும்பினார். அதற்கு அந்நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் வேண்டும். பாத்வொர்க்ஸைப் போட்டாலோ, யூனிக்ஸ் சர்வரில் இருக்கும் கோப்புகளைப் பார்க்க அவர் வைத்திருந்த ஏற்பாடு வேலை செய்யாது. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விட வேண்டும். அவர் இரண்டையும் விடவில்லை. பாத்வொர்க்ஸ் எந்த மொழியில் பேசுகிறது என்று கம்பியில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்து, அதே மொழியில் பதில் சொல்லும் நிரலை யூனிக்ஸில் எழுதிவிட்டார். 1992 ஜனவரியில் அதை எல்லோருக்கும் கொடுத்தார். தான் எழுதியது எஸ்எம்பி என்பதே அப்போது அவருக்குத் தெரியாது. டெக்கின் சொந்தச் சரக்கு என்றுதான் நினைத்திருந்தார்.

பின்னாளில் இந்த முறைக்கு அவர் ஒரு பிரெஞ்சு காஃபிக்கடையை உவமை சொன்னார். பாஷை தெரியாத ஒருவர் ஒரு மூலையில் உட்காருகிறார். பக்கத்து மேஜைக்காரர் ஒரு வார்த்தை சொல்கிறார், காஃபி வருகிறது. இன்னொரு வார்த்தை சொல்கிறார், ரொட்டி வருகிறது. நம்மூர் ஓட்டலில் “ரெண்டு ஸ்ட்ராங்” என்று சர்வர் குரல் கொடுத்தால் உள்ளேயிருந்து என்ன வருகிறது என்று கவனிப்பது மாதிரிதான். சமையலறைக்குள் நுழைய வேண்டாம், சமையல் குறிப்பைத் திருடவும் வேண்டாம். கேட்டால் போதும். கேட்டும் புரியாத இடத்தில், கட்டளை எண்களை ஒவ்வொன்றாக அனுப்பி எதற்குப் பதில் வருகிறது என்று பார்க்கலாம்.

அந்த நிரல் அப்படியே கிடந்திருக்கும். 1993 இறுதியில் ட்ரிட்ஜெல் வீட்டில் நம் வீட்டுப் பிரச்சினையே வந்தது. மனைவியின் கணினியில் விண்டோஸ், அவருடையதில் லினக்ஸ். இரண்டையும் இணைக்கப் பழைய நிரலை எடுத்துப் போட்டுப் பார்த்தார். வேலை செய்தது! அப்புறம்தான் அது பேசும் மொழிக்குப் பெயர் உண்டு என்பது தெரிந்து, மறுபடி எழுத உட்கார்ந்தார். 1994-ல் பெயர்ச் சிக்கல்: முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகமுத்திரை. எஸ், எம், பி மூன்று எழுத்தும் அந்த வரிசையில் வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடினார். கிடைத்தவற்றில் ஒன்று சாம்பா.

சாம்பாவைப் போட்டவர்கள் தடுக்கி விழும் இடங்களிலும் வரலாறு இருக்கிறது. விண்டோஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஒன்றுதான். யூனிக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. பாஸ்வேர்ட் இன்னும் சிக்கல். இரண்டு உலகமும் பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காமல் ஒரு கணக்குப் போட்டு உருமாற்றி வைக்கின்றன, ஆனால் கணக்கு வேறு. ஒன்றிலிருந்து மற்றதைக் கண்டுபிடிக்க முடியாது. தொடக்கத்தில் பாஸ்வேர்டைக் கம்பியில் பச்சையாக அனுப்பிச் சமாளித்தார்கள். 1997-ல் விண்டோஸ் என்டி 4-இன் மூன்றாவது சர்வீஸ் பேக் அந்தப் பழக்கத்தை நிறுத்தியது; நேற்றுவரை திறந்த கதவு மூடிக்கொண்டது. லினக்ஸில் பயனர் கணக்கு இருந்தும் சாம்பாவுக்கு இன்னொரு முறை பாஸ்வேர்ட் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

காஃபிக்கடையில் காதைத் தீட்டிக்கொண்டு எவ்வளவு காலம் உட்கார முடியும்? ஒவ்வொரு விண்டோஸிலும் புது வார்த்தைகள். 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, சர்வர்கள் தமக்குள் பேசும் நெறிமுறைகளைப் போட்டியாளருக்குக் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் சாம்பா குழுவும் ஆணையத்தின் பக்கம் நின்று வாதாடியது. 2007 செப்டம்பர் 17 அன்று லக்ஸம்பர்க் நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. அந்த டிசம்பரில், ஒரேதடவையாக 10,000 யூரோ கட்டி ஆவணங்கள் சாம்பா குழுவுக்குக் கிடைத்தன. ஒரு நிறுவனம் தன் நிரலை ரகசியமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் பிறர் கணினி அதோடு பேசத் தேவையான மொழியை எந்த அளவுக்குப் பூட்டலாம் என்பதே வழக்கின் சாரம். நம் படங்கள் யார் கணினியில் இருந்தாலும் நாம் எடுக்க முடியுமா என்பதும் அதில் அடங்கியிருந்தது.

2017 மே 12 அன்று வான்னாக்ரை தாக்கியது. விண்டோஸில் இருந்த எஸ்எம்பியின் முதல் பதிப்பின் ஓட்டை வழியாகப் புகுந்து பிரிட்டிஷ் மருத்துவமனைகள் வரை முடக்கியது. அந்த ஆண்டின் இறுதியிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸ் 10-இல் அந்தப் பதிப்பு தானாக வருவதில்லை. 2019-ல் சாம்பாவும் அதை இயல்பு நிலையில் அணைத்தது. “இங்கே யார் யார் இருக்கீங்க?” என்று தெருவில் கூவி விசாரிக்கும் பழைய ஏற்பாடும் அதோடு போயிற்று. அதனால் நெட்வொர்க் பட்டியலில் பெயர் தெரியாததால் மட்டும் இணைப்பே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

இனி அடுத்த முறை வரிசையாகப் பாருங்கள். விண்டோஸ் உங்கள் வைஃபையைப் பொது இடம் என்று எண்ணி ஃபயர்வாலை இறுக்கியிருக்கிறதா? வீட்டு நெட்வொர்க் என்று மாற்றுங்கள். பெயரை விட்டு ஐபி முகவரியை நேரடியாகத் தட்டுங்கள். பதிலே இல்லையென்றால் லினக்ஸ் பக்கம் சாம்பா ஓடுகிறதா, 445ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டு மறுத்தால் சந்தோஷப்படுங்கள், இரண்டும் பேச ஆரம்பித்துவிட்டன. சாம்பாவில் அந்தப் பெயருக்குத் தனியாக பாஸ்வேர்ட் கொடுத்தீர்களா என்பதுதான் மிச்சம். அதையும் முடித்தால் பென்டிரைவ் மேஜைக்குள்ளேயே இருக்கலாம்.