பாத்திரம் பழசு, படம் புதுசா? லண்டன் வெள்ளியில் 'சீன' டிசைனின் கதை

நீள அங்கி போட்ட ஆள், பக்கத்தில் பெரிய பறவை, ஆளைவிட உயரமான பூச்செடி. 1680-களில் லண்டனில் செய்த வெள்ளிக் குவளைகள் பலவற்றில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இந்த பாணிக்குப் பெயர் 'சினுவாசரி'.

இது சீனாவை நேரில் பார்த்து வரைந்தது இல்லைங்க. கப்பலில் வந்த பீங்கான், அரக்குப் பெட்டி, 1665-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான நியூஹோஃபின் பயண நூல் படங்கள் போன்றவைதான் மாதிரி. மிச்சமெல்லாம் கற்பனை!

அடுத்த நூற்றாண்டில் இதே சீன உருவங்கள் தேயிலை டப்பாக்களுக்கு வந்தன. தேயிலை அப்போ அவ்வளவு விலை. டப்பாவை வைக்கும் பெட்டிக்கே பூட்டு போட்டாங்க.

சரி, வாங்குறவங்க எங்கே ஏமாறலாம்? வெற்றாக இருந்த பழைய பாத்திரங்களில் 19-ம் நூற்றாண்டில் புதுசா டிசைன் தட்டியிருக்கிறார்கள். முத்திரை அசல், படம் பிற்சேர்க்கை. இதனால் மதிப்பு நல்லாவே குறையும்.

முதலில் முத்திரையைப் பாருங்க. நடக்கும் சிங்கம் 1544 முதல் வழக்கத்தில் இருக்கு. 1697 முதல் 1720 வரை கட்டாயமாக இருந்தது 95.84% வெள்ளி, அதற்கு சிங்கம் இல்லை, உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா உருவம். '1685 குவளை' என்று சொல்லி பிரிட்டானியாவைக் காட்டினால் கணக்கு இடிக்குது. முத்திரை தேய்ந்து மழுங்கியிருக்க, பக்கத்திலேயே டிசைன் கோடு கூர்மையாக இருந்தாலும் சந்தேகப்படணும். கோடு முத்திரை மேலேயே ஏறிப் போயிருந்தால், டிசைன் பிறகு வந்ததுதான்.